நாணம் யாருக்கு உரியது?

ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயத்தில் அடியார்களுக்கு அமுது செய்விப்பதைத் 'ததீயாராதனம்' என்று வழங்குவர். அன்னதானம் என்ற எளிய சொல் கைவசம் இருக்கவும், முன்னோர் இச்சொல்லை விரும்பி ஆண்டது ஏன் என்பது சிந்தித்தற்குரியது. தானம் என்றவுடன் கொடுப்பவன் மேலே நிற்கிறான். கொள்பவன் கீழே நிற்கிறான். ஆராதனம் என்றவுடன் அந்நிலை மாறிவிடுகிறது. இலையின் முன் அமர்ந்திருப்பவர் எம்பெருமானுக்கு உரியவர். ஆகவே அவர் ஆராதிக்கப்படுபவர். பரிமாறுகிறவனே குனிந்து நிற்க வேண்டியவன். திருவஹீந்திரபுரத்துத் தெய்வநாயகனையும் தில்லைத் திருச்சித்திரகூடத்துக் கோவிந்தராஜனையும் பாடிப் பரவிய திருமங்கையாழ்வார், நாள்தோறும் ஆயிரத்தெட்டு அடியார்களுக்கு ஓராண்டுக் காலம் அமுதளிக்கும் நியமத்தை ஏற்று, அதன்பொருட்டுத் தம் செல்வம் யாவும் கரைந்தபின் வழிப்பறியிலும் இறங்கினார் என்று குருபரம்பரை கூறும். அப்பொருள் வந்த வழியைப் பற்றி வியந்து வினவுவோர் உண்டு. உண்ண வந்தவர்களை நிறுத்தித் தகுதி விசாரித்தார் என்று எவரும் சொன்னதில்லை.

உற்சவ காலங்களில் பிரஸாத விநியோகத்தைக் காண்பவர்க்கு இது விளங்கும். காரில் வந்திறங்கிய செல்வரும், காலையில் கூலிவேலைக்குச் சென்று திரும்பிய தொழிலாளியும், ஒரே வரிசையில் நின்று ததியோன்னத்துக்குக் கையேந்துகின்றனர். 'வசதி படைத்த இவர் ஏன் இலவசமாக வாங்கி உண்கிறார்?' என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்பது அபசாரமாகவும் தோன்றும். ஆனால் அதே வீதியின் திருப்பத்தில் உள்ள நியாய விலைக் கடையின் முன் பையும் அட்டையுமாக நிற்பவர்களைக் கடந்து செல்லும்போது, அதே கண்கள் வேறு கண்களாகிவிடுகின்றன. வந்தது மோட்டார் சைக்கிளிலா, கையில் இருப்பது எத்தகைய கைப்பேசி, கழுத்தில் கிடப்பது பொன்னா பித்தளையா என்ற கணக்கெடுப்பு தொடங்கிவிடுகிறது. 'ஓசி அரிசி' என்ற சொல் வாயில் எளிதாக வருகிறது. 'இதை மனிதர் உண்பார்களா? மாட்டுக்கல்லவா வைக்க வேண்டும்' என்ற ஏளனமும் உடன் வருகிறது. இதில் வேடிக்கை என்னவெனில், அவ்வாறு பேசும் இல்லங்கள் பலவற்றில் இட்லி மாவுக்கு அரைபடுவது அந்த அரிசியே. அன்னத்தைப் பழிக்கலாகாது என்பதை ஒரு விரதமாகவே தைத்திரீய உபநிஷத்து விதித்திருக்கிறது. அது எந்தக் கடையில் வாங்கிய அன்னம் என்ற பாகுபாட்டை அங்கே காணோம்.

இப்பார்வை கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ மட்டும் உரியதன்று. செல்வம் மிக்க அமெரிக்க நாட்டில், 1939-ஆம் ஆண்டு மே மாதம் ராசெஸ்டர் என்னும் நகரில் ஏழைகளுக்கு உணவு வில்லைகள் வழங்கும் முறை தொடங்கியது. ஆரஞ்சு நிற வில்லையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அவ்வாறு வாங்கிய ஒவ்வொரு டாலருக்கும் அரை டாலர் பெறுமான நீல நிற வில்லை இனாமாகக் கிடைக்கும். நீல வில்லையை எடுத்து நீட்டிய மாத்திரத்தில், வாங்குபவர் யாரென்று கடையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பிற்காலத்தில் வந்த காகிதச் சீட்டுகளுக்கும் அதே கதிதான். பின்னால் நிற்பவர், முன்னால் நிற்பவரின் கூடையில் இறைச்சி இருக்கிறதா, இனிப்புப் பண்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து முணுமுணுப்பது அந்நாட்டில் வெகுகாலமாகக் கேட்டுவரும் புகார். 2004-ஆம் ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களிலும் சீட்டுகள் போய், வங்கி அட்டையைப் போன்ற அட்டை வந்துவிட்டது. சீட்டு மறைந்தது, முணுமுணுப்பு மறையவில்லை.

தமிழகம் வேறு வழியை மேற்கொண்டது. 1997-இல் நாட்டின் பிற பகுதிகளில் வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று குடும்பங்கள் பிரிக்கப்பட்டபோதும், இங்கே எல்லோருக்கும் பொதுவான விநியோகமே நிலைநிறுத்தப்பட்டது. 2008 செப்டம்பர் 15 முதல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்பெற்றது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வந்தபின்னரும் அப்பொதுத்தன்மை கைவிடப்படவில்லை. வேண்டாதார் அரிசிக்குப் பதில் சர்க்கரை பெறும் அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். எப்பொருளும் வேண்டாத அட்டையும் உண்டு. வரிசையில் நிற்பதாலேயே ஒருவர் வறியர் என்ற முத்திரை விழாதபடி அமைந்த ஏற்பாடு இது. கணக்குப் பார்ப்போர் இதனை வீண்செலவு என்பர். ஏழை என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டால்தான் சோறு என்னும் ஏற்பாட்டைக் காட்டிலும், பிரஸாத வரிசைக்கு நெருங்கியது இதுவே என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

திருவஹீந்திரபுரத்தில் நின்றுகொண்டு இப்பொருளைப் பேசும்போது ஸ்வாமி தேசிகனை நினையாதிருத்தல் இயலாது. 1268 முதல் 1369 வரை எழுந்தருளியிருந்தவராகக் கொள்ளப்படும் அவ்வாசாரியர், இந்த ஔஷதகிரியில் ஸ்ரீஹயக்ரீவனை உபாஸித்து, நெடுங்காலம் இவ்வூரில் வாழ்ந்தவர். அவருடைய ஜீவனம் உஞ்சவிருத்தி. காலையில் வீதியில் எழுந்தருளுவார். இல்லத்தரசிகள் இட்ட அரிசியே அன்றைய தளிகைக்கு. விஜயநகரத்து அரசவைக்கு வருமாறு வித்யாரண்யர் அழைத்தபோது, அதனை மறுத்து அவர் அருளியதே வைராக்ய பஞ்சகம். அவருடைய வறுமையைத் துடைக்க எண்ணிய சிலர் அரிசியோடு பொற்காசுகளைக் கலந்து இட்டனராம். இவை யாவை என்று தேவிகள் வினவ, புழுக்கள் என்று கூறித் தருப்பைப் புல்லால் தள்ளி எறிந்தாராம். அரிசியை அவர் தள்ளவில்லை என்பதையும் ஈண்டு கவனித்தல் வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. தேசிகன் விரும்பி ஏற்றது வைராக்கியம். கடைவாசலில் நிற்பவள் ஏற்றது வேறு வழியின்மை. இரண்டையும் ஒப்பிடலாமா? ஒப்பிடலாகாது என்பது உண்மையே. ஆயின் அவ்வேற்றுமை எந்தத் திசையில் செல்கிறது என்று பார்க்க வேண்டும். அரண்மனை வாசல் திறந்திருக்கவும் உஞ்சவிருத்தி செய்தவருக்கு வீதியே எழுந்து நின்று வணங்கியது. எந்த வாசலும் திறவாத ஒருத்தி அதே ஒரு படி அரிசியைப் பெறும்போது வீதி முகம் சுளிக்கிறது. தேவையில்லாதவன் பெற்றால் பெருமை, தேவையுள்ளவள் பெற்றால் இழிவு என்றால், அந்த வீதி மதித்தது வைராக்கியத்தை அன்று, அரண்மனையின் அழைப்பைத்தான். தனக்கு எது போதும், எது மிகை என்று அரிசியையும் காசையும் பிரித்துப் பார்த்தவரும் தேசிகனே. வாசலில் நின்று அரிசி இட்டவர்கள் அல்லர். அந்தக் கேள்வி பெறுபவருடைய நெஞ்சுக்கு உரியது. வசதியுடையார் ஒருவர் தமக்கு வேண்டாத அரிசியை வாங்கி விற்பாராயின், அவர் தம் நெஞ்சுக்கும் சட்டத்துக்கும் பதில் சொல்லட்டும்.

'உழைக்காமல் உண்பது' என்பது அடுத்த குற்றச்சாட்டு. தேசிகன் உஞ்சவிருத்தி செய்தவர் மட்டும் அல்லர். தம் கையாலேயே அவர் கட்டியதாகப் போற்றப்பெறும் கிணறு இவ்வூரில் உள்ளது. வாங்குகிற கை வேலை செய்யாத கை என்று முடிவுகட்டுவது அவசரம். ஸ்ரீமந் நாதமுனிகள் அவதரித்த வீரநாராயணபுரத்தின் பெயரோடு உறவுடைய வீராணம் ஏரி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளில் ஏறக்குறைய 45,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கிறது. அச்சேற்றில் குனிந்து நாற்று நடுபவர் பெரும்பாலும் பெண்கள். அறுவடையான நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குச் செல்கிறது. 1972-இல் தொடங்கப்பெற்ற நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குக்குச் செல்கிறது. ஆலையில் அவிந்து அரைபட்டு, சாக்கு மூட்டையாகி, நியாய விலைக் கடைக்கு வந்து சேர்கிறது. நாற்று நட்டவள் அங்கே பையை விரித்து நிற்கிறாள். அவளைப் பார்த்துத்தான் 'ஓசி' என்கிறார்கள். என் வரிப்பணம் என்பாரும் உளர். அவள் வாங்கும் சோப்புக்கும் பற்பொடிக்கும் வரி இல்லையோ?

நிலவுடைமையாளர் சிலர் வெளிப்படையாகவே சொல்லும் புகார் ஒன்று உண்டு: இலவச அரிசி வந்தபின் நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். கட்டட வேலையும் வெளியூர்க் கூலியும் ஆட்களை இழுத்திருப்பதும் உண்மை. எனினும் அப்புகாரின் உட்பொருளை உற்று நோக்கினால் நெஞ்சு திடுக்கிடும். முன்பு விடியற்காலையில் ஆள் தவறாமல் வந்து நின்றதற்குக் காரணம், வராவிட்டால் அன்று அடுப்பு எரியாது என்பதே. பசி அங்கே சம்பளமில்லாத கங்காணியாக வேலை பார்த்தது. அக்கங்காணி போய்விட்டானே என்று வருந்துவதற்குச் சோம்பலைக் கண்டிப்பது என்று பெயரிடுவது பொருந்துமா?

அரிசி கடத்தப்படுவதும் பொய்யன்று. மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. அதற்கென்றே குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை இயங்குகிறது. ஆனால் லாரியில் கடத்துகிறவன் பையோடு வெயிலில் நிற்பதில்லை. வரிசையை முறைக்கும் கண்களுக்கு அவன் ஒருபோதும் அகப்படுவதில்லை.

இனி நாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே தைத்திரீயம், கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்கு ஆசிரியர் செய்யும் உபதேசத்தில் கொடுக்கும் முறையை வகுக்கிறது. சிரத்தையோடு கொடு என்கிறது. சிரத்தையின்றிக் கொடாதே என்கிறது. தொடர்ந்து, நாணத்தோடு கொடு என்றும் அச்சத்தோடு கொடு என்றும் கூறுகிறது. வாங்குபவன் நாணவேண்டும் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. நாணம் கொடுப்பவனுக்கு விதிக்கப்பட்டது. இவ்வளவுதானா என் கை என்று கூசுவதும், இவன் முன் நான் உயர்ந்து தோன்றிவிடலாகாதே என்று அஞ்சுவதும் கொடுப்பவன் கடமை. ஆளவந்தார் ராஜபோகத்தில் இருந்த நாளில், மணக்கால் நம்பி அரண்மனை மடைப்பள்ளிக்கு நாள்தோறும் தூதுவளைக் கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகம் காட்டாமல் ஆறு மாதம் திரும்பிச் சென்றார் என்பர். உண்டவருக்குக் கொடுத்தவர் யாரென்றே தெரியாது. அவருக்கு உயர்ந்த உள்நோக்கம் ஒன்று இருந்தது என்பது வேறு. கொடுத்த முறை இது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் குருபரம்பரையில் உண்டு. ஸ்ரீராமாநுஜர், திருக்கச்சிநம்பிகளைத் தம் இல்லத்தில் அமுது செய்ய வேண்டினார்; நம்பிகள் உண்ட சேஷத்தைத் தாம் பெறவேண்டும் என்பது அவர் ஆவல். ராமாநுஜர் வெளியே சென்றிருந்த சமயம் நம்பிகள் வந்துவிட்டார். தேவிகளான தஞ்சமாம்பாள் குறையின்றி அன்னம் படைத்தாள். அவர் எழுந்து சென்றதும், குலம் கருதி, எஞ்சியதை அப்புறப்படுத்தி, அமர்ந்த இடத்தை மெழுகி, நீராடி, புதிதாகத் தளிகை செய்தாள். திரும்பி வந்த ராமாநுஜர் துணுக்குற்றார். அந்த அம்மையார் சோறிட மறுத்தவள் அல்லள் என்பதே இங்கு முக்கியம். இலை நிறைய இட்டாள், வயிறும் நிறைந்திருக்கும். இட்டபின் மெழுகினாளே, அதில்தான் எல்லாம் போயிற்று. பகவானுக்கு நேர்ந்த குற்றத்தினும் பாகவதருக்கு நேர்ந்த குற்றம் கொடிது என்று கொண்ட ராமாநுஜர், இத்தகைய நிகழ்ச்சிகளின் முடிவில் இல்லறத்தையே துறந்தார். அரசு அரிசியை அளந்து கொடுத்துவிடுகிறது. அளந்தபின் மெழுகும் வேலையைப் பக்கத்துத் திண்ணைகள் பார்த்துக்கொள்கின்றன.

மாவலியின் வேள்விச்சாலையில் கையேந்தி நின்றவன் எம்பெருமானே. கொடுக்க மாவலி தயங்கவில்லை. வாங்க வாமனன் கூசவில்லை. இடையில் புகுந்து தடுத்தவர் சுக்கிராசாரியர் ஒருவரே. கொடுக்கப்பட்டதோ அவர் பொருளும் அன்று. கண் இழந்ததும் அவர்தான்.

கடலூர்க் கரையோரத்தார்க்கு வாங்கும் நிலை எத்தனை விரைவில் வரும் என்பது தெரியாததன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது, பண்ணுருட்டிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆண்டுதோறும் ஊருக்கெல்லாம் சுளை கொடுத்தவர்கள் ஒரே இரவில் நிவாரண வரிசையில் நின்றனர். 2015 வெள்ளத்திலும் அவ்வாறே. அந்நாட்களில் ஒருவரும் ஒருவரது கைப்பேசியை எட்டிப் பார்க்கவில்லை. நீர் வடிந்து சில திங்கள் சென்றபின் பழைய பார்வை திரும்பிவிட்டது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் 600-க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. தேவனாம்பட்டினம் முதலிய குப்பங்கள் சிதைந்தன. நாடெங்கிலுமிருந்து அரிசியும் பாத்திரமும் வந்தன. உடுத்துக் களைந்த பழந்துணிகளும் லாரி லாரியாக வந்தன. அரிசியைப் பெற்றுக்கொண்ட மீனவ மக்கள் அத்துணிகளைத் தொடவில்லை. கடலோடு வாழ்ந்து, முந்தைய நாள் வரை பிறருக்கு மீன் கொடுத்தவர்கள் அவர்கள்; பிறர் களைந்ததை உடுத்து அவர்களுக்குப் பழக்கமில்லை. எல்லாம் இழந்தும் என்ன செருக்கு பாருங்கள் என்று அனுப்பியவர்களில் சிலர் கோபித்துக்கொண்டனர். கடற்கரை மாவட்டங்களின் சாலையோரங்களில், எடுப்பாரின்றி, அந்தத் துணிகள் நெடுநாள் குவிந்து கிடந்தன.