கொடுக்கும்போது நம்புகிறோமா?

2025 ஆகஸ்ட் 31 அன்று, 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் ஒவ்வொருவரின் மைகாட்டிலும் அரசாங்கம் 100 ரிங்கிட் போட்டது. சாரா எனப்படும் ரஹ்மா அடிப்படை உதவி அது. வசதி குறைந்தோருக்கு அந்த உதவி மாதாமாதமும் வருகிறது. ரொக்கமாக எடுக்க முடியாது. பதிவு பெற்ற கடைகளில், பட்டியலில் உள்ள அரிசி, முட்டை, எண்ணெய், மீ போன்ற பொருட்களுக்கு மட்டுமே செல்லும்.

ஏன் காசாகத் தரக்கூடாது என்று கேட்டால், "காசா கொடுத்தா வேற எதுக்காவது செலவு செஞ்சிடுவாங்க" என்று நம்மில் பலர் சொல்வோம். அப்படியானால் ஒரு கேள்வி. கொடுப்பவர், வாங்குபவரின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லலாமா?

பொதுப்பணத்துக்கு நிபந்தனை இருப்பது நியாயம்தான். ஆனால் எப்படிப்பட்ட நிபந்தனை? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர உழவர் சந்தைகளில் 2009-இல் 'டபுள் அப் ஃபுட் பக்ஸ்' என்ற திட்டம் தொடங்கியது. அரசின் உணவு உதவி பெறும் குடும்பம் சந்தையில் ஒரு டாலர் செலவு செய்தால், காய்கறி, பழம் வாங்க இன்னொரு டாலர் கிடைக்கும். அங்கே எதையும் தடுக்கவில்லை. நல்லதை வாங்க முன்வருபவருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

ஏழை வீட்டில் கீரை குறைவதற்கு அறியாமைதான் காரணம் என்று நினைக்காதீர்கள். கிள்ளான் சந்தையில் பத்து வெள்ளியோடு நிற்கும் ஓர் அம்மாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மீ பாக்கெட் மாதக்கணக்கில் கெடாது, பிள்ளைகளும் மிச்சம் வைக்க மாட்டார்கள். கீரை இரண்டு நாளில் வாடிப்போகும். பிள்ளை வேண்டாம்னு தள்ளிட்டா அந்தக் காசு போச்சு! இரட்டிப்பாகக் கொடுக்கும் திட்டம் அந்த நஷ்டத்தில் பாதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது.

நம் கோயில் அன்னதானப் பந்தியில் யாரும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. போதும் என்று இலையில் கையை மறைப்பதும் சாப்பிடுபவர்தான். அந்த மரியாதையை நம் சேவைக்கும் கொண்டு வரலாமே.

தீபாவளி வந்தால் அரிசி, சீனி, பிஸ்கட் என்று நாமே முடிவு செய்து பையில் கட்டுகிறோம். இந்த வருடம் பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தெரிந்த ஒரு காய்கறிக் கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள். "இந்தச் சீட்டோட வர்றவங்க பத்து வெள்ளிக்குக் காய் வாங்கினா, இன்னும் பத்து வெள்ளிக்குக் கொடுங்க அண்ணே, அது எங்க கணக்கு." முருங்கைக்காயா, கங்கோங் கீரையா என்பதை அந்த வீட்டு அம்மாவே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.