தெரிந்தும் சொல்லாத குறை

அல்ஹம்துலில்லாஹ்! புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பழைய கார் வாங்குவதும் விற்பதும் இன்று நம் பகுதியில் சாதாரணமாகிவிட்டது. தர்மபுரியிலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் சிறு வருமானம் உள்ள குடும்பம்கூட, நகையை அடகு வைத்தாவது ஒரு பழைய மாருதியை வாங்கிவிடுகிறது. இது ஹலாலான வியாபாரம்தான். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும். வாங்குபவர் கேட்கவில்லை. “நான் பொய் எதுவும் சொல்லவில்லையே, சும்மாதானே இருந்தேன்” என்று விற்றவர் சொல்வது மார்க்கத்தில் செல்லுமா?

வண்டி முன்பே சொல்லிவிடுகிறது

பிரேக் ஒரே நாளில் கெடுவதில்லை. பெடல் ஸ்பாஞ்சு போல அமுங்கினால் லைனில் ஏர் இருக்கலாம், அல்லது ஆயில் பழையதாகியிருக்கலாம். ஆயில் அளவு குறைந்துகொண்டே போனால் ஒன்று பிரேக் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிவு இருக்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இரண்டு முன்சக்கரங்களும் சமமாகப் பிடிக்கவில்லை என்று பொருள். நன்றாகப் பிடிக்கும் பக்கம்தான் வண்டி இழுக்கும். கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். பிரேக்கைத் தொடாமலே இழுத்தால் டயரின் காற்று, வீல் அலைன்மென்ட், டை ராடு, பால் ஜாயின்ட் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால், அங்கே கேலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

தினமும் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் கை, காலிலேயே தெரிந்துவிடும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பிடித்தே ஓட்டப் பழகியிருப்பார். பெடலை இரண்டு முறை மிதித்துப் பழகியிருப்பார். ஊருக்குள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வந்தவருக்கு அது தெரியாது. ஆயிலை நிரப்பி, டயருக்குக் காற்றடித்து, வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டால் போதும். புரோக்கரும், “கேட்டா மட்டும் சொல்லுங்க பாய்” என்பார்.

ஈரமான தானியமும் ஒட்டகத்தின் பாதமும்

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்ற கருத்தில் கடுமையாக எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியிருக்கும் செய்தி இது. அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார். கேட்கும் வரை மறைந்திருந்ததுதான் குற்றமாயிற்று.

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் செய்தி நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் ஒட்டகம் வாங்கிச் செல்கிறார். வாஸிலா (ரலி) பின்னாலேயே விரைந்து சென்று, இறைச்சிக்காக வாங்கினீர்களா, பயணத்துக்காகவா என்று கேட்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகத்தான் என்கிறார் அவர். அப்படியானால் இதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிடுகிறார்கள். என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வருத்தப்பட்டவரிடம், குறையைச் சொல்லாமல் விற்பது கூடாது, அதை அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் கூடாது என்று நபியவர்களிடம் கேட்ட போதனையை எடுத்துச் சொன்னார்கள்.

இறைச்சிக்கு என்றால் பாதத்தின் ஓட்டை ஒரு குறையே இல்லை. பயணத்துக்கு என்றால் அதுதான் முக்கியமான குறை. சீட் கிழிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். பிரேக் பலவீனம் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததைத்தான் வாய் சொல்ல வேண்டும். அந்தக் கடமை விற்பவரோடு நிற்பதுமில்லை. விஷயம் தெரிந்த மெக்கானிக்கும் புரோக்கரும் அதில் சேர்கிறார்கள்.

“இருக்கிறபடி எடுத்துக்கோ” என்றால்?

சிலர் ஃபிக்ஹ் சட்டத்தைக் காட்டுவார்கள். எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று நிபந்தனையிட்டு விற்றால், ஹனஃபி மத்ஹபில் வாங்கியவர் குறையைக் காட்டித் திருப்பித்தர முடியாது. இது உண்மைதான். ஆனால் அது காஜியின் முன் வழக்கை முடிக்கும் சட்டம். தெரிந்த குறையை மறைத்த பாவத்தைக் கழுவும் தண்ணீர் அல்ல. அந்த மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே எப்படி வாழ்ந்தார்கள்? அவர்களின் கூட்டாளி, குறையுள்ள ஒரு துணியை அந்தக் குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த வியாபாரத்தின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். சட்டம் எங்கே நிற்கிறது என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

இன்னொரு வாதம், “எனக்கு மெக்கானிசம் தெரியாது” என்பது. உண்மையிலேயே தெரியாதவர் மீது பழி இல்லை. ஆனால் மெக்கானிக்கிடம் காட்டினால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டி வருமே என்று காட்டாமலே விற்பவர், தெரியாதவர் அல்ல. தெரிந்துகொள்ள மறுத்தவர். சந்தேகம் இருந்தால், சந்தேகம் இருக்கிறது என்றாவது சொல்லிவிடலாமே!

கையெழுத்துப் போடாத மூன்றாமவர்

சகோதரர்களே! குறையைச் சொல்லிவிட்டோம், வாங்குபவரும் விலையைக் குறைத்து ஒப்புக்கொண்டார். அத்துடன் முடிந்ததா? துணி வியாபாரம் என்றால் முடிந்தது. பிரேக் விஷயத்தில் முடியவில்லை.

நம் மாவட்டத்தின் தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் அது நீண்ட இறக்கம். 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி, நின்றிருந்த கார்கள் மீது வரிசையாக மோதி உயிர்கள் போயின. 2024 ஜனவரியில் இரட்டைப் பாலம் அருகே நடந்த விபத்தில் 4 பேர் இறந்தார்கள். பழைய பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் சூடேறி அந்த ஈரம் ஆவியாகும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. தானியக் குவியலின் ஈரம் ஒருவரின் பணத்தைத்தான் கெடுத்தது. இந்த ஈரம் முன்னால் போகும் குடும்பத்தின் உயிரைப் பறித்துவிடும்.

முன்னால் போகும் அந்தக் குடும்பம் உங்கள் பேரத்தில் இல்லை. ஆர்.சி. புத்தகம் கைமாறியபோது அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. தன் உரிமையை விட்டுக்கொடுக்க வாங்குபவருக்கு அனுமதி உண்டு. மற்றவர் உயிரை விட்டுக்கொடுக்க அவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி.

என்ன செய்ய வேண்டும்?

விற்பவரே! பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சரிசெய்து விற்றுவிடுங்கள். முடியாவிட்டால் குறையைச் சொல்லி, வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போகும்படி விற்றுவிடுங்கள். ஏற்கெனவே மறைத்து விற்றிருந்தால் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள், ரிப்பேர் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நடந்து முடிந்த வியாபாரத்துக்கும் தவ்பா உண்டு.

வாங்குபவரே! வெட்கப்படாமல் கேளுங்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். கேட்பது அவநம்பிக்கை ஆகாது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். கியரிலேயே இறங்குங்கள்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் இருவருக்கும் பரக்கத் உண்டு, மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸின் கருத்து. மறைத்ததால் கூடுதலாகக் கிடைக்கும் பத்தாயிரம் ரூபாய் வீட்டுக்குள் வரும்போது பரக்கத் வெளியே போய்விடுகிறது.

வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! நம் கைகளாலும் நம் மௌனத்தாலும் எந்த உயிருக்கும் தீங்கு வராமல் காப்பானாக! சாலையில் செல்லும் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.