சத்திரத்துக் கணக்கு

“கடனைக் கட்டாத நான் நற்கருணை வாங்கலாமா, சாமி?”

நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் இவ்வாறு கேட்டார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வாழும் கூலித் தொழிலாளர் குடும்பம் அவருடையது. மழைக்காலத்து நள்ளிரவில் அவருடைய கணவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்கி வருகிறது. திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனை உண்டு. ஆயினும் அந்த அகால வேளையில் கிடைத்த ஆட்டோ அருகிலிருந்த தனியார் மருத்துவமனை வாசலில்தான் நின்றது. மூன்று நாள் சிகிச்சையில் கணவர் பிழைத்தார். கையிருப்பைக் கொடுத்தபின் கட்டணத்தில் எஞ்சியது 6,000 ரூபாய். சிறுகடன் நிறுவனம் ஒன்றில் கடன் பெற்று அதைக் கட்டினார். கணவர் ஒரு மாதம் வேலைக்குச் செல்ல இயலாததால் இரண்டு தவணைகள் தவறின. வசூலுக்கு வந்த இளைஞர் இரவு 9 மணிவரை திண்ணையைவிட்டு எழவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

பெருநோய்க்கு ஓரளவு காப்பு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உதவுகிறது. ஆனால் பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். சின்னஞ்சிறு கட்டணங்களே பல வேளைகளில் ஏழையின் தலையில் விழுகின்றன.

அந்தத் தாயின் கேள்வி நம்மைச் சுட்டது. ஏனெனில், சில வாரங்களுக்கு முன் ஏழாம் கட்டளையைப் பற்றி மறையுரை ஆற்றுகையில், வாங்கியதைத் திருப்பிக் கொடாதிருப்பதும் ஒருவகைக் களவே என்று நாம் முழங்கியிருந்தோம். கொடுக்க மனமில்லாதவரையும் கொடுக்க வழியில்லாதவரையும் நம் மறையுரை பிரித்துப் பார்க்கவில்லை. நாம் குருமடத்தில் பயின்ற அறநெறி இறையியல் அதைத் தெளிவாகவே பிரிக்கிறது: இயலாமை கடமையை ஒத்திவைக்கிறது, அழித்துவிடுவதில்லை. இயலும்போது கொடுப்பேன் என்னும் மனத்தோடு இருப்பவர் பாவத்தில் இருப்பவர் அல்லர். “தாராளமாக வாங்குங்கள், அம்மா. தவறு எங்கள் பேச்சில் இருந்தது” என்றோம்.

கொடுப்பவருக்கு அறம் இருப்பதுபோல் கேட்பவருக்கும் அறம் உண்டு. இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம் கடன் கொடுத்தவனுக்கு எல்லை வகுக்கிறது. அடகுப் பொருளை வாங்க அவன் வீட்டிற்குள் நுழையலாகாது. வெளியே காத்து நிற்க வேண்டும். ஏழையின் போர்வை அடகாக வந்தால் கதிரவன் மறையுமுன் அதைத் திருப்பித் தர வேண்டும். கடன் உண்மையானதே, ஆயினும் கடன்பட்டவனின் வாசற்படி அவனுக்கே உரியது. நம் காலத்துச் சட்டமும் இதையே நாடுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட சிறுகடன் நெறிமுறைகளின்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடனாளியை அழைத்துத் தொல்லை செய்யலாகாது. அவருடைய உறவினரையும் நண்பரையும் துன்புறுத்தலாகாது. கட்டாயப்படுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்றியது. திண்ணையில் அமர்ந்த அந்தத் தம்பியை மட்டும் பழிப்பதும் முறையன்று. வசூல் குறைந்தால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அப்படியானால் எஞ்சிய தொகையை யார் சுமப்பது? நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் ஒரு மருத்துவக் கணக்கு இருப்பதைக் கவனித்தோமா? காயமுற்றவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன் இரண்டு தெனாரியம் கொடுத்தான். அது இரண்டு நாள் கூலி. அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தானே தருவதாகச் சொல்லிச் சென்றான். சத்திரக்காரருக்கும் நட்டமில்லை, குணமடைந்து எழுந்தவனை நோக்கி எந்தக் கணக்கும் நீளவில்லை. காயத்தைக் கட்டியது இரக்கம் என்றால், மீதியையும் ஏற்றது அந்த இரக்கத்தின் முழுமை.

நாமோ நோயாளியைச் சந்திக்கிறோம், செபிக்கிறோம், ஆரஞ்சுப் பழம் கொடுத்துத் திரும்புகிறோம். சத்திரத்துக் கணக்கைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்பது நாகரிகமன்று என எண்ணுகிறோம். கேட்டால் கொடுக்க நேருமே என்னும் அச்சமும் உள்ளூர இருக்கிறது.

பிந்தியேனும் நம் பங்கின் அன்பியத்தார் விழித்துக்கொண்டனர். இருவர் அந்தத் தாயுடன் நிறுவனத்தின் கிளைக்குச் சென்று கால நீட்டிப்புப் பெற்றனர். தவறிய இரண்டு தவணைகளை வின்சென்ட் தே பவுல் சபையினர் செலுத்தினர். மற்றவற்றைத் தாமே கட்டுவதாக அவர் சொல்லிவிட்டார், கட்டியும் வருகிறார். அடுத்த ஞாயிறன்று நற்கருணை வரிசையில் அவர் நின்றபோது, நம் கைதான் சற்று நடுங்கியது.

அன்பர்களே, மருத்துவமனையிலிருந்து திரும்பிய அயலாரிடம் உடல்நலம் விசாரிக்கையில், தனியே அழைத்து இன்னொன்றையும் கேட்போம்: “கட்ட வேண்டிய பாக்கி ஏதும் உண்டா?”