பயன் தீர்ந்த பின்

கதவு திறக்கிறது. கம்பியோரம் பொய்முயல் பாய்கிறது. அதனைத் துரத்தி ஆறு வேட்டை நாய்கள், மணிக்கு 60 கிலோமீட்டரையும் விஞ்சும் வேகத்தில் ஓடுகின்றன. அரை நிமிடத்தில் ஆட்டம் முடிகிறது. முயல் பொய், ஆனால் ஓட்டம் மெய், ஓடியவற்றின் களைப்பு மெய், கைமாறும் பணமும் மெய்!

இங்கிலாந்தில், 1926ஆம் ஆண்டு மாஞ்செஸ்டர் நகரத்துப் பெல் வியூ திடலில் தொடங்கிய ஆட்டம் இது. ஓடுவது கிரேஹவுண்ட் என்னும் இனம். ஒன்றேகால் வயதளவில் களம் புகும். நான்கைந்து வயதில் 'ஓய்வு' பெறும். அடிபட்டால் அதற்கு முன்பே. அவ்வினத்தின் ஆயுளோ பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள். ஓட்டம் ஓய்ந்தது, உயிர் ஓயவில்லை. எஞ்சிய ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

சிலவற்றை உரிமையாளரே வைத்துக்கொள்கின்றனர். கொல்லப்பட்டவையும் உண்டு. பல, காப்பகம் சேர்கின்றன. வளர்த்தவர் இறந்துபோக, முதுமையில் மீண்டும் அங்கே வந்து சேர்பவையும் உள. காப்பகத்துக்கு வருவோரோ இளையதையே தேடுகின்றனர். எட்டு வயது, முகவாய் நரைத்துவிட்டது என்றதும் அடுத்த கூண்டுக்கு நகர்கின்றனர். அவர்களைக் கொடியவரென்று நாம் ஏசமாட்டோம். அவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்றுண்டு: "இதனால் இனி என்ன பயன்?" அந்தக் கேள்வியைத்தான் நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரிக்க விரும்புகிறோம்.

அது மிகப் பழைய கேள்வி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேட்டோ என்றொரு பெருமகன் வாழ்ந்தார். ஒழுக்கத்துக்கு இலக்கணம் என்று ஊர் போற்றிய மனிதர். வேளாண்மை பற்றி அவர் எழுதிய நூலில், பண்ணையில் விற்றுவிட வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் தருகிறார். கிழட்டு மாடு, பழைய வண்டி, பழைய இரும்புக் கருவி, முதிய அடிமை, நோயுற்ற அடிமை! பயனை மட்டும் அளக்கும் கோல், எதிரே நிற்பதற்குக் கால் நான்கா இரண்டா என்று பார்ப்பதில்லை, பார்த்தீரா?

அவர் வரலாற்றை எழுதிய கிரேக்க அறிஞர் புளூட்டார்க் இதைக் கண்டித்தார். குதிரையையும் நாயையும் முதுமையிலும் பேணுவது நல்லோர் இயல்பு என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் செர்மானிய மெய்யியலார் கான்ட், தம் அறவியல் சொற்பொழிவில் முதிய நாயையே எடுத்துக்காட்டாக்கினார். உண்மையாக உழைத்த நாயை, உழைக்க இயலாத காலத்திலும் இறுதிவரை காக்க வேண்டும். அதனைக் கொல்பவன் தன்னுள் இருக்கும் மனிதத்தன்மைக்கே ஊறு செய்கிறான் என்பது அவர் வாதம்.

நல்ல வாதங்களே. ஆயினும் நமக்கு நிறைவில்லை. அங்கே நாய் தன் எசமானனுக்கு உழைத்த நாய். காக்க வேண்டியவனும் அதே எசமானன். நன்றிக்கடன் தெளிவாக இருக்கிறது. காப்பகத்து நாய்க்கு நாம் என்ன கடன்பட்டோம்? அது ஓடியது எவருக்காகவோ; வென்ற பணம் சேர்ந்தது எவர் பைக்கோ. நம் வாசலில் ஒருநாளும் அது காவல் நின்றதில்லை. கடனே இல்லாத இடத்தில் கடமை உண்டா?

உண்டு என்கிறோம்! துன்பத்தை உணரும் உயிர் ஒருபுறம், அத்துன்பத்தைத் தீர்க்கக்கூடியவர் மறுபுறம் நிற்கும்போதே கடமை பிறந்துவிடுகிறது. அதற்கு முன்னால் ஊழியமும் வேண்டாம், பின்னால் புண்ணியமும் வேண்டாம். குளிரில் நடுங்கும் உயிருக்குப் போர்வை தேவை. அதுவே போதிய காரணம்.

"மனிதன் பசித்திருக்க நாய்க்குப் பரிவா?" என்பர். 1860இல் மேரி டீல்பி என்னும் அம்மையார் இலண்டனில் கைவிடப்பட்ட நாய்களுக்கு இல்லம் தொடங்கியபோதும் 'டைம்ஸ்' ஏடு எள்ளி நகையாடிற்று. 1871இல் பாட்டர்சி பகுதிக்குப் பெயர்ந்த அந்த இல்லம் இன்றும் நடைபெறுகிறது. கேள்வியை நாம் புறக்கணிக்கவில்லை. நாயை மடியில் இருத்திக்கொண்டு, வேலைக்காரரை வாசலில் நிறுத்துவோர் உளர்; அறிவோம். அது பரிவன்று, பகட்டு! ஆனால் கேட்டோவின் பட்டியலை மீண்டும் பாருங்கள். முதிய மாட்டை விற்கச் சொன்ன கைதான் முதிய மனிதனையும் விற்கச் சொல்லிற்று. ஆலை வாயிலில் வலுவிழந்து நிற்கும் தொழிலாளியை நோக்கியும், வீட்டு மூலையில் இருமும் முதியவரை நோக்கியும் எழுவது அதே "என்ன பயன்?" தான். அதை எங்கே எதிர்த்தாலும் எதிர்க்கத்தான் வேண்டும்.

எடுப்போர் அறிந்து எடுக்கட்டும். கொட்டடியிலேயே வளர்ந்த நாய்க்குப் படிக்கட்டு புதிது, கண்ணாடிக் கதவு புதிது. பற்கள் பலவற்றுக்குப் பழுதுற்றிருக்கும். தோல் மெல்லியது, குளிர் தாங்காது. ஓடிய நாயாயிற்றே என்று நாள்முழுதும் ஓடவிட வேண்டியதில்லை. சிறிது நடையும் நெடிய உறக்கமும் போதும். மருத்துவச் செலவு உண்டு. பிரிவும் விரைவில் உண்டு. இரக்கம் பொங்கிய நாளில் அழைத்துவந்து, செலவு கண்ட நாளில் திருப்பி அனுப்புவது, முதலில் கைவிட்டவரின் செயலை மறுமுறை செய்வதேயாகும்.

இன்னொன்றும் கூறவேண்டும். ஒருவர் பணம் பண்ணிக்கொண்டே இருக்க, மற்றவர் காப்பகம் நடத்திக்கொண்டே இருப்பது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்பும் வேலை. அமெரிக்க நாட்டு ஃப்ளோரிடா மாநிலத்தில் 2018இல் மக்களிடமே கேட்டனர். வாக்களித்தோரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் நாய்ப் பந்தயத்தைத் தடைசெய்யச் சொல்லினர். 2020 முடிவோடு அங்கே ஓட்டம் நின்றது. ஒருவர் கருணை ஒரு நாயைக் காக்கும். மக்கள் தீர்ப்பு களத்தையே மூடும். இரண்டும் வேண்டும்.

பந்தயத்தில் ஓடிய நாயின் காதில் பச்சை குத்திய குறி இருக்கும். பதிவேட்டுக்காக இட்ட அடையாளம் அது. பதிவேடு மூடப்பட்டுவிட்டது, குறி அழியவில்லை, நாயும் இருக்கிறது, நரைத்த முகவாயைத் தரையில் வைத்தபடி. இதனால் என்ன பயன் என்று கேட்போர் கேட்கட்டும். நாம் கேட்க வேண்டியது ஒன்றே:

இன்றிரவு இது எங்கே உறங்கும்?