மன்னித்தாயிற்று, பட்டை?

என் மருமகன் மன்னிப்புக் கேட்டான், நானும் மன்னித்துவிட்டேன். அதில் ஒரு சிக்கலும் இல்லை. அக்கா மகன், இளந்தாரி, கூட்டாளிகளோடு வைப்பாற்று மணலில் ஜீப்பை இறக்கி விளையாடியிருக்கிறான். கரைமேட்டிலிருந்து ஆற்றுக்குள் ஒரே பாய்ச்சல். “தப்புதான் மாமா” என்று நிற்பவனிடம் வேறென்ன சொல்ல? ஆனால் நான் மன்னித்தது வண்டிக்குத் தெரியாது. பின்னால் இடது பக்கம் ஸ்பிரிங் செட்டில் மெயின் பட்டை இரண்டு துண்டு. செண்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்துவிட்டதால், வேம்பார் வந்து சேரும்வரை நண்டு மாதிரி ஒருக்களித்தே ஓடியிருக்கிறது.

மன்னிப்பு எதை மாற்றுகிறது, எதை மாற்றாமல் விடுகிறது? ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற எனக்கு இந்தக் கேள்வி பூசையில் வரவில்லை, பட்டறையில் வந்தது.

வண்டி மகிந்திரா எம்.எம். 540. நான்கு சக்கரத்துக்கும் பட்டைதான். கரையிலிருந்து மீனும் ஐஸ் பெட்டியும் ஏற்றியே அதன் காலம் போயிற்று. பட்டறைக்காரர் உடைந்த துண்டை வெயிலில் திருப்பிக் காட்டினார். முறிந்த முகத்தில் பெரும்பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம்தான் பளிச்சென்று வெள்ளை. “இது ஆத்துல உடைஞ்சது இல்ல அண்ணாச்சி. கறுப்பா இருக்கே, அம்புட்டும் பழைய விரிசல். பய குதிச்சப்போ மிச்சம் போச்சு” என்றார். உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பட்டையின் மேல்முகத்தில் சின்னக் குழி விழும். வண்டி ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் இழுபடுவது அந்த முகம்தான். குழியில் விரிசல் பிடிக்கும், பிறகு மயிரிழை மயிரிழையாக உள்ளே போகும்.

உலோகம் இப்படி ‘களைத்துப்போகும்’ என்பதை உலகம் கற்றது பெரிய விலை கொடுத்துத்தான். 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாய் பக்கம் ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து, வண்டி தீப்பிடித்து, ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், நல்ல இரும்பு ஏன் திடீரென்று முறிகிறது என்று பலரும் தோண்ட ஆரம்பித்தார்கள். ஜெர்மன் ரயில்வே பொறியாளர் அவுகுஸ்ட் வோலர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து ஒரு விஷயத்தை நிறுவினார்: ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறு பாரமும் பல்லாயிரம் தடவை ஏறினால் முறித்துவிடும்.

பாவமும் இப்படித்தான் என்று பிரசங்கம் வைப்பது சுலபம். எனக்கு அதைவிட ஒப்புரவில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில்தான் கண். முத்துக்குளித்துறையில் ஏழு கடற்துறை உண்டு, அதில் எங்கள் வேம்பாரும் ஒன்று. எங்கள் முன்னோர் திருமுழுக்குப் பெற்றது 1530களில். அவர்களுக்காக அண்டிரிக் அடிகளார் கொச்சியில் அச்சிட்ட தமிழ் நூல்களில் ஒன்று பாவசங்கீர்த்தனத்துக்கென்றே எழுதிய ‘கொம்பெசியொனாயரு’, ஆண்டு 1580. அதற்கு இருபத்தொன்பது வருஷம் முன்னால், 1551இல், திரெந்துப் பொதுச்சங்கம் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்லியிருந்தது. குரு மன்னிப்பு வழங்கியதும் குற்றம் போய்விடும், அதனால் விளைந்த கடன் எல்லாம் அதோடு தீர்ந்துவிடாது. அதற்குத்தான் அபராதம்.

இந்தப் பிரிவினை சரி என்பதுதான் என் கட்சி. பட்டறையில் அது கண்ணுக்கே தெரிகிறது. எனக்குச் சரிப்படாதது இன்று நடைமுறையில் அபராதம் சுருங்கிப்போன அளவு. மூன்று பரலோக மந்திரம், மூன்று அருள்நிறை மந்திரம். பட்டை அதற்கு ஒட்டாது.

பட்டறைக்காரர் சைவர், சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர். “எங்களுக்கும் அதேதான்” என்றார். குருவின் அருளால் சஞ்சிதம் என்கிற பழவினைக் குவியல் எரிந்துபோகும், ஆகாமியம் என்கிற புதுவினை ஏறாது, ஆனால் இந்தப் பிறவிக்கென்று வந்த பிராரத்தம் இந்த உடம்பு இருக்கும்வரை அனுபவித்தே கழிய வேண்டும். கணக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் முழுக்க ஒன்றல்ல. பிராரத்தத்தை அனுபவிப்பவன் அந்த உயிர். இங்கே பட்டையை உடைத்தவன் மருமகன், வாடகை வண்டி பிடித்து ஐஸ் ஏற்றியது நான்.

இன்னொன்றும் உண்டு. வலது பக்கத்துப் பட்டை உடையவில்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பக்கம் தூக்கலாகவும் பழைய பக்கம் தாழ்ந்தும் நிற்கும். யூ-போல்ட்டும் புதுசுதான், ஒருமுறை இறுக்கி இழுபட்டது மறுபடி நம்பிக்கையாகப் பிடிக்காது. ஒன்று உடைந்தால் உடையாததும் செலவில் சேர்கிறது. குடும்பத்தில் ஒருவன் குடித்துக் கெட்டுத் திருந்தும்போது, அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் புதிதாக ஒரு வாழ்க்கைக்குப் பழக வேண்டியிருப்பதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

மருமகனையே வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னேன். புஷ் ரப்பராக இருந்தால் ஷேக்கிள் போல்ட்டை ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே முழுசாக இறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் உட்கார்ந்து பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு, இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும். பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு யூ-போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டிருக்கும் நேரம் ஜாக்கியில் நிற்கும் நேரம்தான். கொடுத்த வாக்கு பிடிக்கிறதா என்பது வீட்டுக்குப் போய் பாரம் ஏறினால்தான் தெரியும்.

இவ்வளவு பேசுகிற என்னை வாயடைக்க வைப்பவர் நற்செய்தியில் வரும் சக்கேயு. லூக்கா சொல்கிறபடி, இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தபோது அவர் ஒரு காசும் எண்ணி வைத்திருக்கவில்லை, வாய்வார்த்தைதான். மன்னிப்பு திருப்பிக் கொடுப்பதற்காகக் காத்திருக்கவில்லை என்பதை நான் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் அந்த வார்த்தையின் அளவைப் பாருங்கள். தானாக ஒப்புக்கொண்டவன் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். இவர் நான்கு மடங்கு என்கிறார், கூடவே பாதிச் சொத்து ஏழைகளுக்கு என்கிறார். அந்தப் பாதி எதற்கு என்று பங்குச்சாமியிடம் கேட்டேன். தாராள மனசு என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவராக இருந்தவர், எத்தனை பேரிடம் பறித்தோம் என்று பேர் பேராக அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? சிலர் ஊரைவிட்டே போயிருப்பார்கள், சிலர் செத்திருப்பார்கள். ஆள் தெரிந்தவர்களுக்கு நான்கு மடங்கு. ஆள் தெரியாத கடனுக்குத்தான் அந்தப் பாதிச் சொத்து என்று நான் வாசிக்கிறேன். சாமி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.