கைப்பிடிச்சுவர்

2010ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையிலுள்ள கார்ல்டன் டவர்ஸ் என்னும் அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. புகை மேல்மாடிகளை நிரப்பியது. அவசரகாலத்தில் வெளியேறும் வழிகள் பூட்டியிருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. மூச்சுத்திணறியும் ஜன்னல்களிலிருந்து குதித்தும் ஒன்பது பேர் மரித்தனர்.

அத்துயரில் மகனை இழந்த ஒரு தந்தையும், அவரைப்போல் உறவுகளை இழந்த குடும்பத்தாரும் 'பியாண்ட் கார்ல்டன்' என்ற அமைப்பை ஏற்படுத்தினர். தீப் பாதுகாப்பு விதிகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் கட்டடந்தோறும் கைக்கொள்ளப்பட வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. படிக்கட்டை அடைக்காதே, கதவைப் பூட்டாதே என்ற விதிகள் கட்டட உரிமையாளருக்குத் தொல்லையாகத் தோன்றலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களோ அவற்றைக் கண்ணீரோடு கேட்கிறார்கள்.

தேவன் அன்பாகவே இருக்கிறார் என்றால், 'செய்யாதிருப்பாயாக' என்று ஏன் இத்தனை முறை சொல்லவேண்டும்? திருச்சபையின் வாலிபர்கள் கேட்கும் இக்கேள்விக்கு, 'உன் நன்மைக்காகவே' என்று பெரியவர்கள் பதிலுரைப்பதுண்டு. அது வேதம் சொல்வதுதான் (உபா. 10:13). ஆயினும் அது பாதிப் பதிலே. கீழ்ப்படிகிறவனுக்குச் செலவையன்றி வேறொன்றும் தராத கட்டளைகளும் உண்டல்லவா?

புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்கிறது உபாகமம் 22:8. இஸ்ரவேலரின் வீட்டு மாடிகள் தட்டையானவை. ராகாப் அங்கே சணல் தட்டைகளைப் பரப்பியிருந்தாள். பேதுரு அங்கே ஏறி ஜெபித்தான். தன் மாடியின் விளிம்பு எங்கே முடிகிறதென்று வீட்டுக்காரன் இருட்டிலும் அறிவான். விருந்தாளி அறியான். கல்லும் கூலியும் வீட்டுக்காரனுடையவை. காக்கப்படும் உயிரோ அவனுக்கு முன்பின் தெரியாத ஒருவனுடையதாயும் இருக்கலாம். 'இக்கட்டளையில் என்மீது அன்பு எங்கே?' என்று வீட்டுக்காரன் கேட்டால், அவன் பார்க்கவேண்டியது விளிம்பருகே நிற்கும் அந்த விருந்தாளியை. அவனும் தேவனுடைய பிள்ளையே. நாளை வேறொருவர் மாடியில் இந்த வீட்டுக்காரனே விருந்தாளியாக நிற்பான்.

விதி என்று பெயர்பெற்றதெல்லாம் அன்பாகிவிடாது. சுமக்க அரிதான சுமைகளை மனுஷர் தோள்களில் ஏற்றிவிட்டுத் தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மத். 23:4). சபைகளில் அத்தகைய சுமைகள் இன்றும் இல்லாமல் இல்லை. மகளுக்கு ஒரு நியாயம், மகனுக்கு வேறு நியாயம் என்ற வீடுகளும் உண்டு. பிறரை அடக்கியாளவே பயன்படும் விதிக்குத் தேவனுடைய பெயரைச் சூட்டுவது துணிகரம். தேவகுமாரனோ நியாயப்பிரமாணத்திற்குக் கீழானவராகவே பிறந்தார் (கலா. 4:4). பிறர்மேல் ஏற்றியதைத் தாம் தொடாதவர் அல்லர் அவர்.

ஓய்வுநாள் கட்டளையும் கைப்பிடிச்சுவரைப் போன்றதே. உபாகமம் 5:14ஐப் பொறுமையாய் வாசித்தால், வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப்போலவே இளைப்பாற வேண்டும் என்பது அங்கே காரணமாகச் சொல்லப்பட்டிருப்பது தெரியும். எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்ற நினைவூட்டுதல் அடுத்த வசனத்திலேயே வருகிறது. ஓய்வுநாளைச் சட்டமாக மட்டும் பார்ப்பவர்கள், தாங்கள் ஆலயத்திற்குச் சென்றோமா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து ஞாயிறு காலையில் ஆராதனைக்குப் புறப்படும் குடும்பங்களிடம், வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று கேட்டால், பதில் வரச் சற்று நேரமாகிறது.