வர மாட்டேன் என்று சொல்ல முடிந்தவர்கள்

ஒவ்வொரு வருடமும் மோட்டோஜிபி காலண்டர் வெளியாகும்போது ரசிகர்களுக்குள் ஒரு சண்டை தவறாமல் வரும். எந்த டிராக் போச்சு, எது புதுசா வந்திருக்கு என்பதுதான் விஷயம். 2023 செப்டம்பரில் புத் சர்க்யூட்டில் ரேஸ் நடந்தபோது நம் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருடம் நடக்கவில்லை என்றானதும் அதே ஆட்கள் துக்கம் அனுஷ்டித்தார்கள். ஆனால் எல்லாரும் ஒத்துப்போகிற ஒரு கருத்து உண்டு. பழைய டிராக்கை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "புதுசா கட்டினதெல்லாம் வெறும் பார்க்கிங் லாட்பா, பழைய டிராக்குக்குன்னு ஒரு உயிர் இருக்கு" என்பார்கள்.

அந்த 'உயிர்' என்ற சொல்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒரு டிராக்குக்கு உயிர் இருக்கிறது என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம்? வளைவுகளின் அழகையா, நில அமைப்பையா, வரலாற்றையா? அல்லது அங்கே விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்பதையா?

இந்தக் கேள்வியை அதன் உச்சத்தில் பார்க்க மேன் தீவுக்குத்தான் போக வேண்டும். பொதுச்சாலையை மூடி ரேஸ் நடத்த பிரிட்டனில் சட்டம் இடம் கொடுக்காத காலத்தில், தனக்கென்று தனி நாடாளுமன்றம் வைத்திருந்த இந்தச் சின்னத் தீவு இடம் கொடுத்தது. 1907இல் டிடி பந்தயம் தொடங்கியது. 1911இலிருந்து அது மலைப்பாதைக்கு வந்தது. ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கும் மேல், இருநூறுக்கும் அதிகமான வளைவுகள். அது டிராக்கே இல்லை, ஊர்ச் சாலை. கல்சுவர், விளக்குக் கம்பம், யாரோ ஒருவரின் வீட்டு வாசல், எல்லாம் கையெட்டும் தூரத்தில். அதில் இன்றைய முன்னணி ரைடர்கள் சராசரியாக மணிக்கு 210 கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். அந்தப் பாதையில் இதுவரை 260க்கும் அதிகமான ரைடர்கள் இறந்திருக்கிறார்கள்.

இப்போது கேட்டால் நம்ப முடியாது, ஆனால் 1949இல் மோட்டார் சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது முதல் ரேஸே இங்கேதான். 1976 வரை இது காலண்டரில் இருந்தது. அதாவது உலகப் பட்டம் வேண்டுமென்றால் இந்தக் கல்சுவர்களுக்கு நடுவே போய்த்தான் புள்ளிகள் எடுக்க வேண்டும்.

1972 ஜூனில் ஜில்பர்த்தோ பார்லோட்டி என்ற இத்தாலிய ரைடர், 125சிசி உலகச் சாம்பியன்ஷிப்பில் முன்னிலையில் இருந்தவர், மழையில் நடந்த பந்தயத்தில் விழுந்து இறந்தார். அவருடைய நண்பர் ஜியாகொமோ அகொஸ்தினி. 15 உலகப் பட்டங்கள் வென்றவர், டிடியில் மட்டும் 10 வெற்றிகள். அன்றைக்கு அகொஸ்தினி சீனியர் பந்தயத்தில் ஓட்டினார், ஜெயித்தார். அதற்குப் பிறகு அங்கே போட்டியிட வரவே இல்லை. வேறு சில பெரிய ரைடர்களும் வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரி 1977இல் சில்வர்ஸ்டோனுக்கு மாறியது.

இங்கே ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று இருக்கிறது. "யாரும் அவங்களைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகலையே. ஆபத்து தெரிஞ்சுதானே வர்றாங்க?" இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். வயதுவந்த ஒருவர் தன் உயிரை எதற்காகப் பணயம் வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையை மதிக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் மலையேறுகிறவரையும் ஆழ்கடலுக்குப் போகிறவரையும் வீட்டிலேயே உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் சம்மதம் என்பது 'சரி' என்று சொல்வதில் மட்டும் இல்லை. 'முடியாது' என்று சொன்னாலும் வாழ்க்கை நடக்கும் என்கிற நிலையில்தான் 'சரி'க்கு மதிப்பு. அகொஸ்தினியால் மறுக்க முடிந்தது, ஏனென்றால் அவர் அகொஸ்தினி. அதே வருடம் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு புது ரைடர் "நான் அந்தத் தீவுக்கு வரலை" என்று சொல்லியிருந்தால் அவனுக்குப் பதில் வேறு ஒருவன் வண்டியில் உட்கார்ந்திருப்பான். இரண்டு பேரும் ஒரே படிவத்தில்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் இரண்டும் ஒரே சம்மதம் இல்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஒரு வசதியைப் பயனர் தானாகத் தேடிப்போய் டிக் செய்தால் அது தேர்வு. முன்கூட்டியே டிக் செய்து வைத்துவிட்டு, வேண்டாமென்றால் எடுத்துக்கொள் என்றால், "பயனர்கள் ஒப்புக்கொண்டார்கள்" என்று அறிக்கை எழுதலாம், ஆனால் எழுதுகிற நமக்கே தெரியும். காலண்டர் என்பது முன்கூட்டியே போடப்பட்ட டிக். 1976 வரை மலைப்பாதை அப்படித்தான் இருந்தது. கிராண்ட் பிரி புள்ளிகள் போன பிறகு, அந்தத் தீவையே தேடி வருகிறவர்கள் வருகிறார்கள்.

அதனால் பாதை பாதுகாப்பாகிவிட்டதா? இல்லை. சுவர் அதே சுவர்தான். 2022இல் மட்டும் ஆறு பேர் இறந்தார்கள். மாறியது ஒன்றே ஒன்று: அங்கே இறக்கிறவர் வேறு எதற்காகவோ அங்கே அனுப்பப்பட்டவர் இல்லை. அது சின்ன வித்தியாசம் போலத் தெரியலாம். எனக்கு அது பெரிய வித்தியாசம்.

வந்தே தீருவேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். 2008இல் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 பயிற்சியில் ராபர்ட் டன்லப் இறந்தார். இரண்டு நாள் கழித்து அவர் மகன் மைக்கேல் அதே இடத்தில் பந்தயத்தில் இறங்கி ஜெயித்தார். பெரியப்பா ஜோயி 2000இலேயே எஸ்டோனியாவில் ஒரு பந்தயத்தில் போய்விட்டார். அண்ணன் வில்லியம் 2018இல். மைக்கேல் நிறுத்தவில்லை. 2024இல் பெரியப்பாவின் 26 டிடி வெற்றிகளைத் தாண்டினார். இந்த மனிதருக்கு ஆபத்து தெரியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவரைவிட யாருக்குத் தெரியும்? அவருடைய முடிவு எனக்குப் புரியவில்லை என்பதால் அது அவருடைய முடிவு இல்லை என்றாகிவிடாது.

ஆனால் இந்த மரியாதையைச் சிறுவர்களுக்கு நீட்டிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தேசிய சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றில் 13 வயதுப் பையன் விழுந்து இறந்தான். அந்த வார இறுதியின் மற்ற பந்தயங்கள் ரத்தாயின. ஐரோப்பாவில் 2021இல் 14 வயதிலும் 15 வயதிலும் இரண்டு பேர் போனார்கள். அதன் பிறகுதான் கிராண்ட் பிரியில் குறைந்தபட்ச வயது, சில விதிவிலக்குகளோடு, 18 ஆனது. பதிமூன்று வயதில் ஒரு பையன் "எனக்கு ஆபத்து தெரியும்" என்று சொன்னால், நாம் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான்.

சரி, பார்க்கிற நாம்? 2003இல் டைஜிரோ காட்டோ சுஸுகாவில் விழுந்து, இரண்டு வாரம் கழித்து இறந்தார். மோட்டோஜிபி அதற்குப் பிறகு சுஸுகாவுக்குப் போகவில்லை. 2011இல் மார்கோ சிமோன்செல்லி செபாங்கில் இறந்தபோது ரேஸை நிறுத்தினார்கள். 2021இல் முகெல்லோவில் 19 வயது ஜேசன் துபாஸ்கியே இறந்த அன்று ஒரு நிமிட மௌனம், பிறகு ரேஸ். ஓட்டியிருக்கக் கூடாது என்று சில ரைடர்களே அப்புறம் சொன்னார்கள். அன்று அவர்களால் மறுத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கிரிட்டில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கும் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. போட்டவர்களில், டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நாமும் உண்டு. நாம் காத்திருக்கிறோம் என்பதுதானே காரணம்.

நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் சோதனை எளிமையானது. உனக்குப் பிடித்த வளைவில் சுவரைப் பின்னால் தள்ளி வைத்து, சரளை கொட்டி, விழுகிறவன் எழுந்து நடந்து போகும்படி செய்துவிட்டார்கள் என்று வை. வளைவு அதே வளைவு, வேகம் அதே வேகம். உனக்கு ஏதாவது குறைகிறதா? குறையவில்லை என்றால் நீ ரசித்தது திறமையை. குறைகிறது என்றால், குறைந்தது எது என்று யோசி.

சாம்பியன்ஷிப் டிராக்கில் அந்தச் சரளைக்காகத்தான் நாம் சத்தம் போட வேண்டும், 'உயிர்' போச்சே என்று அல்ல. ஏனென்றால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வராமல் இருக்க வசதியில்லை. மேன் தீவு வேறு கணக்கு. அதுவும் வேண்டும் என்கிறவர்களுக்கு அங்கேயே ஒரு வேலை காத்திருக்கிறது. பாதை நெடுக நிற்கும் மார்ஷல்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். போதுமான ஆள் சேராவிட்டால் ரேஸ் தொடங்காது. அவர்களில் பலர் நம்மைப் போல ரசிகர்கள்தான். கொடியோடும் ஸ்ட்ரெச்சரோடும் ஒரு சுவரோரம் நிற்கிறார்கள், விழுந்தவனிடம் முதலில் ஓடப்போவது தாங்கள்தான் என்று தெரிந்தே.